குடியரசுத் தலைவர்கள் ஏன் ஜூலை 25-ல் பதவியேற்கிறார்கள்? சட்டத்தில் இல்லாத ஒரு தேதியின் கதை

2022 ஜூலை 25, திங்கட்கிழமை காலை. டெல்லி நாடாளுமன்றத்தின் மைய மண்டபம். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்.வி.ரமணா உறுதிமொழி செய்துவைக்க, இந்தியாவின் 15-வது குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார் திரௌபதி முர்மு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் உபர்பேடா என்ற கிராமத்தில் பிறந்த சந்தால் பழங்குடிப் பெண். பேச்சைத் தொடங்கும்போது அவர் சொன்ன முதல் சொல் "ஜோஹார்". பழங்குடி மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் சொல் அது.

அன்னைக்கு டிவியில் பார்த்தவர்களுக்கு இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டிருக்கும். ராம்நாத் கோவிந்த் பதவியேற்றதும் ஜூலை 25. பிரணாப் முகர்ஜியும் ஜூலை 25. அப்துல் கலாம்? அவரும் ஜூலை 25-தான்.

இது என்ன கணக்கு? இந்தத் தேதியை யார் முடிவு செய்தார்கள்? அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டினால் எங்கேயும் ஜூலை 25 இல்லை. எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் 45 வருடங்களாக ஒரு முறைகூட அந்தத் தேதி மாறவில்லை. இதன் பின்னால் ஒரு மரணம், ஒரு எமர்ஜென்சி, நிராகரிக்கப்பட்ட 36 வேட்புமனுக்கள் என்று ஒரு முழுக் கதை இருக்கிறது. பதவியேற்பு விழாவின் வரலாற்று முக்கியத்துவம் என்ன என்று கேட்டால், பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

17 பதவியேற்பு, 4 தேதி

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் 1950 முதல் நடந்த எல்லாப் பதவியேற்புகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். இடைக்காலமாகப் பொறுப்பு வகித்தவர்களைச் சேர்க்கவில்லை. 15 பேர், 17 பதவியேற்பு. ராஜேந்திர பிரசாத் மட்டும் மூன்று முறை உறுதிமொழி எடுத்திருக்கிறார். இந்த 17-ம் நான்கே நான்கு தேதிகளில் அடங்கிவிடுகின்றன.

- ஜனவரி 26: ஒரு முறை (ராஜேந்திர பிரசாத், 1950)
- மே 13: நான்கு முறை (ராஜேந்திர பிரசாத் 1952, 1957, ராதாகிருஷ்ணன் 1962, ஜாகிர் உசேன் 1967)
- ஆகஸ்ட் 24: இரண்டு முறை (வி.வி.கிரி 1969, பக்ருதீன் அலி அகமது 1974)
- ஜூலை 25: பத்து முறை (நீலம் சஞ்சீவ ரெட்டி 1977, ஜெயில் சிங் 1982, ஆர்.வெங்கட்ராமன் 1987, சங்கர் தயாள் சர்மா 1992, கே.ஆர்.நாராயணன் 1997, அப்துல் கலாம் 2002, பிரதிபா பாட்டீல் 2007, பிரணாப் முகர்ஜி 2012, ராம்நாத் கோவிந்த் 2017, திரௌபதி முர்மு 2022)

ஒவ்வொரு முறை தேதி மாறியபோதும் நாட்டில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1950: ஆறு நிமிட இடைவெளி

முதல் பதவியேற்பு நாடாளுமன்றத்தில் நடக்கவில்லை. இன்று ராஷ்டிரபதி பவன் என்று நாம் சொல்லும் மாளிகையின் தர்பார் ஹாலில் நடந்தது. 1950 ஜனவரி 26, காலை 10 மணி 18 நிமிடம். கடைசி கவர்னர் ஜெனரலான ராஜாஜி, இந்தியா ஒரு குடியரசு என்ற பிரகடனத்தை வாசித்தார். ஆறு நிமிடம் கழித்து, 10.24-க்கு, ராஜேந்திர பிரசாத் பதவியேற்றார். உறுதிமொழியைச் செய்துவைத்தவர் தலைமை நீதிபதி ஹரிலால் கனியா.

அந்த ஆறு நிமிடத்தில் நடந்த மாற்றம் சாதாரணமானது இல்லை. அதுவரை நாட்டின் தலைமைப் பதவிக்கு அதிகாரம் பிரிட்டிஷ் மன்னரின் பெயரில் வந்தது. 1947-ல் சுதந்திரம் கிடைத்த பிறகும் கவர்னர் ஜெனரல் மன்னரின் பிரதிநிதிதான். 10.24-க்குப் பிறகு அந்த அதிகாரம் வந்தது ஒரு புத்தகத்திலிருந்து: அரசமைப்புச் சட்டம்.

ஆனால், பிரசாத்தை அன்று தேர்ந்தெடுத்திருந்தது அரசியல் நிர்ணய சபை. பொதுத்தேர்தலே அப்போது நடந்திருக்கவில்லை. முதல் பொதுத்தேர்தல் முடிந்து, புதிய நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் அமைந்த பிறகு, முறையாகக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. பிரசாத் ஜெயித்து மறுபடியும் பதவியேற்ற நாள் 1952 மே 13. முதல் மக்களவை முதன்முதலாகக் கூடியதும் அதே நாள்தான். மே 13 அப்படி வந்த தேதி. அடுத்த 15 வருடம் அது அசையவில்லை.

தேதி எப்படி நகர்கிறது?

1969 மே 3. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். இந்தியாவில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

இந்த இடத்தில் நம்ம சிஸ்டத்துக்கும் அமெரிக்க சிஸ்டத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் அதிபர் இறந்தால், துணை அதிபரே அதிபர் ஆகிவிடுவார். மீதமிருக்கும் காலத்தை அவர் முடிப்பார். ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் இறந்தார், ட்ரூமன் வந்தார்; ஆனால் அந்தப் பதவிக்காலம் முடிந்தது வழக்கம்போல ஜனவரி 20-ல்தான். 1933-ல் ஏற்கப்பட்ட 20-வது திருத்தம் அந்தத் தேதியை அரசமைப்பிலேயே எழுதிவைத்துவிட்டது. யார் இறந்தாலும் காலண்டர் மாறாது.

இந்தியாவில் அப்படி இல்லை. பிரிவு 65-ன்படி துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பை மட்டும் கவனிப்பார். பிரிவு 62-ன்படி, மரணமோ ராஜினாமாவோ நடந்தால் ஆறு மாதத்துக்குள் புதிதாகத் தேர்தல் நடத்த வேண்டும். அதில் ஜெயிப்பவருக்கு, மீதிக் காலம் இல்லை, முழுசாக ஐந்து வருடம் கிடைக்கும். அதாவது அவர் பதவியேற்கும் நாளில் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஒரு பதவிக்காலம் பாதியில் முறிந்தால், அடுத்து வரும் எல்லாருக்கும் தேதி மாறும்.

1969-ல் நடந்ததும் அதுதான். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். பிறகு தானே வேட்பாளராக நிற்பதற்காக அவரும் ராஜினாமா செய்தார். நாட்டின் முதல் இரண்டு பதவிகளும் ஒரே நேரத்தில் காலி! இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று அதே வருடம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதன்படி தலைமை நீதிபதி இதாயத்துல்லா பொறுப்புக் குடியரசுத் தலைவர் ஆனார். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியை, இந்திரா காந்தியின் ஆதரவு பெற்ற கிரி தோற்கடித்தார். இரண்டாம் விருப்ப வாக்குகள் வரை எண்ண வேண்டிவந்த தேர்தல் அது. ஆகஸ்ட் 24-ல் கிரி பதவியேற்றார். தேதி மாறியது. அந்த மோதலில் காங்கிரஸே இரண்டாக உடைந்தது.

சஞ்சீவ ரெட்டி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவார்.

1977: இருட்டிலிருந்து வந்த தேதி

1974 ஆகஸ்ட் 24-ல் பதவியேற்றவர் பக்ருதீன் அலி அகமது. சரியாகப் பத்து மாதமும் ஒரு நாளும் கழித்து, 1975 ஜூன் 25 இரவு, எமர்ஜென்சி பிரகடனத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பிரதமர் இந்திரா காந்தி அனுப்பிய அந்தக் கோப்பு அமைச்சரவைக்கே போகவில்லை. அமைச்சர்களுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் அதிகாலைக் கூட்டத்தில்தான். அதே வருடம் கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் இந்தியன் எக்ஸ்பிரஸில் ஒரு படம் வரைந்தார்: குளியல் தொட்டியில் இருந்தபடியே குடியரசுத் தலைவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே நீட்டுகிறார். அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

1977 பிப்ரவரி 11-ல் பக்ருதீன் அலி அகமது காலமானார். எமர்ஜென்சி அப்போது இன்னும் விலக்கப்படவில்லை. துணைக் குடியரசுத் தலைவர் பி.டி.ஜாட்டி அடுத்த 164 நாட்கள் பொறுப்பில் இருந்தார். அந்த 164 நாட்களுக்குள் நாடு தலைகீழாக மாறியது. மார்ச்சில் பொதுத்தேர்தல். இந்திராவின் தோல்வி. எமர்ஜென்சிக்கு முடிவு. முதல் காங்கிரஸ் அல்லாத பிரதமராக மொரார்ஜி தேசாய். அடுத்து, காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலச் சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டு, ஜூனில் பல மாநிலங்களில் தேர்தல். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் எம்.எல்.ஏ-க்களுக்கும் ஓட்டு உண்டு என்பதால், புதிய சட்டமன்றங்கள் வந்த பிறகே இந்தத் தேர்தல் நடந்தது.

ஆளும் ஜனதா கட்சி நிறுத்திய வேட்பாளர், 1969-ல் தோற்றுப்போன அதே நீலம் சஞ்சீவ ரெட்டி. 1977 தேர்தலில் ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் 41-ஐ காங்கிரஸ் அள்ளிக்கொண்டுபோக, ஜனதா சார்பில் ஜெயித்த ஒரே ஆள் அவர். அப்போது மக்களவைத் தலைவராகவும் இருந்தார்.

மொத்தம் 37 பேர் மனு தாக்கல் செய்தார்கள். பரிசீலனையில் 36 மனுக்கள் தள்ளுபடி. ரெட்டி போட்டியின்றி வென்றார். வாக்குப்பதிவுக்குக் குறித்துவைத்திருந்த நாள் ஆகஸ்ட் 6. தேர்தலே தேவைப்படாததால், ஜூலை 25-ம் தேதியே அவர் பதவியேற்றுவிட்டார். இன்னும் ஒரே ஒரு மனு ஏற்கப்பட்டிருந்தாலும் வாக்குப்பதிவு நடந்திருக்கும். கலாமும் முர்முவும் ஆகஸ்ட் மாதத்தில் ஏதோ ஒரு நாளில் பதவியேற்றிருப்பார்கள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் ஐந்து வருடத்தை முழுதாக முடித்தார்கள். யாரும் பதவியில் இறக்கவில்லை. யாரும் ராஜினாமா செய்யவில்லை. யாரும் நீக்கப்படவில்லை. இடையில் கூட்டணி ஆட்சிகள் கவிழ்ந்தன. பிரதமர்கள் சில மாதங்களில் மாறினார்கள். நான்கு வருடத்துக்குள் மூன்று பொதுத்தேர்தல்கூட நடந்தது. ஜூலை 25 மட்டும் நகரவில்லை. எந்தச் சட்டமும் காப்பாற்றாத ஒரு தேதி, முறியாத தொடர்ச்சியால் மட்டுமே நிலைத்து நிற்கிறது.

சரி, விழாவில் என்னதான் நடக்கிறது?

பதவி முடிந்து போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக ராஷ்டிரபதி பவனிலிருந்து நாடாளுமன்றத்துக்கு வருவார்கள். குதிரைப்படை மெய்க்காவலர்கள் கூடவே வருவார்கள். மைய மண்டபத்தில் தலைமை நீதிபதி உறுதிமொழியைச் செய்துவைப்பார். 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கும். பழையவரும் புதியவரும் இருக்கை மாறி உட்காருவார்கள். பதிவேட்டில் கையெழுத்து. பிறகு புதியவரின் உரை.

மைய மண்டபத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபை உட்கார்ந்து அரசமைப்பை எழுதிய இடம் அது. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அதிகாரம் கைமாறியதும் அங்கேதான். சட்டம் பிறந்த அறையிலேயே, அந்தச் சட்டத்தைக் காப்பேன் என்று ஒருவர் உறுதி சொல்கிறார்.

விழா மொத்தத்தையும் சுருக்கினால் மிஞ்சுவது ஒரே ஒரு வாக்கியம். அதுதான் பிரிவு 60.

பிரதமரின் உறுதிமொழிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிரதமர், அமைச்சர்கள், எம்.பி-க்கள், துணைக் குடியரசுத் தலைவர் எல்லாரும் எடுக்கும் உறுதிமொழியின் மையம் ஒன்றுதான்: அரசமைப்பின் மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன் என்பது. சுருக்கமாகச் சொன்னால், விசுவாசமாக இருப்பேன்.

குடியரசுத் தலைவரின் உறுதிமொழி வேறு மாதிரி. அரசமைப்பையும் சட்டத்தையும் என்னால் முடிந்த அளவு பேணுவேன், பாதுகாப்பேன், அதற்கு அரணாக நிற்பேன் என்கிறார். கூடவே, இந்திய மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என்னை ஒப்படைப்பேன் என்கிறார். இந்த மூன்று வினைச்சொற்களும் அமெரிக்க அதிபரின் உறுதிமொழியிலும் உண்டு. ஆனால் "சட்டத்தையும்" என்பதும், மக்கள் நலன் பற்றிய பகுதியும் நாம் சேர்த்துக்கொண்டவை. இந்தியாவில் இதே மாதிரி உறுதிமொழி எடுக்கும் இன்னொரு பதவி ஆளுநர் மட்டும்தான். அது பிரிவு 159.

விசுவாசமாக இருப்பதும் காவலாக இருப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கு நல்ல பிள்ளையாக இருப்பேன் என்பது ஒன்று. வீட்டை யார் உடைக்க வந்தாலும் வாசலில் நிற்பேன் என்பது இன்னொன்று.

இதோடு பிரிவு 61-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடியரசுத் தலைவரைப் பதவிநீக்கம் செய்ய ஒரே ஒரு காரணம்தான் சொல்லப்பட்டிருக்கிறது: அரசமைப்பை மீறுவது. எந்த வாக்கைக் கொடுத்து உள்ளே வருகிறாரோ, அந்த வாக்கை உடைத்தால் மட்டுமே அவரை வெளியேற்ற முடியும். இதுவரை யாரும் அப்படி வெளியேற்றப்பட்டதில்லை.

"ரப்பர் ஸ்டாம்ப்தானே?"

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். நியாயமான கேள்விதான். அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும். 1976-ல், எமர்ஜென்சி காலத்தில் வந்த 42-வது திருத்தம் அதைக் கட்டாயமாகவே எழுதிவிட்டது.

ஆனால் எமர்ஜென்சிக்குப் பிறகு வந்த 44-வது திருத்தம் இரண்டு கதவுகளை வைத்தது. ஒன்று, அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றுத்தான் ஆக வேண்டும். இரண்டு, அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு இல்லாமல் எமர்ஜென்சி பிரகடனம் செய்யவே முடியாது. 1975 ஜூன் 25 இரவு நடந்தது இன்னொரு முறை நடக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு இது. அதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர், ஜூலை 25-ல் பதவியேற்ற முதல் ஆளான சஞ்சீவ ரெட்டி.

அந்தச் சின்ன இடைவெளியை அடுத்தடுத்து வந்தவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்?

- ஜெயில் சிங்: தனிப்பட்ட கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் கொடுத்த அஞ்சல் மசோதா 1986-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அது கடைசி வரை சட்டமாகவில்லை.
- கே.ஆர்.நாராயணன்: பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1997 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அரசின் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். அரசு அதைக் கைவிட்டது. 1998-ல் பிஹார் விஷயத்தில் வாஜ்பாய் அரசின் பரிந்துரையையும் திருப்பினார். ஒன்று பாஜக ஆட்சியைக் காப்பாற்றியது, இன்னொன்று பாஜக அரசையே மறித்தது.
- அப்துல் கலாம்: ஆதாயம் தரும் பதவிகள் குறித்த மசோதாவை 2006-ல் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடியும் நிறைவேற்றியதும் விதிப்படி கையெழுத்திட்டார்.

மூன்றுமே அரசுகளைக் கவிழ்த்த சம்பவங்கள் அல்ல. நிறுத்தி, இன்னொரு முறை யோசியுங்கள் என்று சொன்ன சம்பவங்கள். பிரிவு 60-க்கு அரசியலில் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். ஆனால் 1975-ல் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் என்று யோசித்துப் பார்த்தால், அந்த இடத்தின் மதிப்பு புரியும்.

2022 ஏன் தனியாக நிற்கிறது?

எண்களை முதலில் பார்ப்போம். 15 பேரில் பெண்கள் இருவர்: பிரதிபா பாட்டீல், முர்மு. தலித் சமூகத்திலிருந்து வந்தவர்கள் இருவர்: நாராயணன், கோவிந்த். முஸ்லிம்கள் மூவர். தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவர்கள் மூவர்: திருத்தணியில் ராதாகிருஷ்ணன், பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்தில் வெங்கட்ராமன், ராமேஸ்வரத்தில் கலாம். பழங்குடியினர்? 72 வருடங்களில் முர்முதான் முதல் ஆள்.

சுதந்திர இந்தியாவில் பிறந்த முதல் குடியரசுத் தலைவரும் அவரே. பிறந்த நாள் 1958 ஜூன் 20. பதவியேற்றபோது வயது 64 ஆண்டு 35 நாள். இதுவரை இருந்தவர்களில் மிக இளையவர். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் யார் தெரியுமா? 64 ஆண்டு 67 நாளில் பதவியேற்ற அதே சஞ்சீவ ரெட்டி. ஒரு மாத வித்தியாசத்தில் அவரை முந்தியிருக்கிறார் முர்மு.

இன்னொரு பொருத்தமும் ஸ்ப்ரெட்ஷீட்டில் கண்ணில் பட்டது. 1997, சுதந்திரத்தின் பொன்விழா வருடம். ஜூலை 25-ல் முதல் தலித் குடியரசுத் தலைவராக நாராயணன் பதவியேற்றார். அதே 1997-ல்தான் ஒடிசாவின் ராய்ரங்பூர் என்ற சிறிய ஊரில் முர்மு வார்டு கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியலில் அவருக்கு அது முதல் படி. அங்கிருந்து மைய மண்டபத்துக்கு வர 25 வருடம் ஆனது. தன் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் தான்தான் என்பதையும் பதவியேற்பு உரையில் அவர் சொன்னார்.

அடையாள அரசியல்தானே என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சம்பவம் 2022-க்கு முன்பே நடந்தது. 2015 முதல் 2021 வரை முர்மு ஜார்க்கண்ட் ஆளுநர். பழங்குடி மக்களின் நிலத்தைப் பாதுகாக்கும் இரண்டு பழைய குத்தகைச் சட்டங்களை, சோட்டா நாக்பூர் சட்டத்தையும் சந்தால் பர்கானா சட்டத்தையும், திருத்த மாநில அரசு மசோதா கொண்டுவந்தது. விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு நிலத்தைத் திறந்துவிடும் திருத்தம் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2017-ல் முர்மு கையெழுத்துப் போடாமல் அதைத் திருப்பி அனுப்பினார். ஆட்சியில் இருந்தது அவர் சார்ந்திருந்த அதே பாஜக.

ஆளுநரும் எடுப்பது அதே காவல் உறுதிமொழி என்று மேலே பார்த்தோமே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். யார் அந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பது வெறும் போட்டோ விஷயம் இல்லை. நிலம் போனால் என்ன ஆகும் என்பதைச் சொந்த வாழ்க்கையில் தெரிந்த ஒருவர் கோப்பைப் படிப்பதும், தெரியாத ஒருவர் படிப்பதும் வேறு வேறு.

அதே சமயம், அடையாளம் மட்டுமே எதற்கும் உத்தரவாதம் ஆகாது. பக்ருதீன் அலி அகமது எடுத்ததும் இதே உறுதிமொழிதான். பதவியேற்பு நாளில் கிடைக்கும் கைதட்டல் வேறு, கோப்பு மேஜைக்கு வரும் நாளில் எடுக்கும் முடிவு வேறு.

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது தூரத்து டெல்லி விஷயம் இல்லை. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்ததை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. தன் பரிசீலனைக்கு வரும் மாநில மசோதாக்கள் மீது குடியரசுத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. மே மாதம் குடியரசுத் தலைவர் முர்மு, பிரிவு 143-ன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பரில் கருத்துச் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் ஏற்புடையது அல்ல, ஆனால் காரணம் சொல்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம்.

இந்த விவாதம் முழுவதும் பிரிவு 60-ம் 159-ம் சொல்லும் அந்த மூன்று வினைச்சொற்களைப் பற்றியதுதான். ஒரு மசோதாவை நிறுத்திவைப்பது அரசமைப்பைக் காப்பதா, அல்லது மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தைத் தடுப்பதா? ஜெயில் சிங் அஞ்சல் மசோதாவைக் கிடப்பில் போட்டதைப் பாராட்டுகிறோம். ஆளுநர் ஒருவர் அதையே செய்தால் கோபப்படுகிறோம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்காமல் இருக்க முடியாது. எனக்குத் தோன்றும் அளவுகோல் எளிமையானது: நிறுத்திவைத்ததால் குடிமக்களின் உரிமை காப்பாற்றப்பட்டதா, அவர்களின் ஓட்டின் மதிப்பு குறைந்ததா?

அடுத்தது 2027

தற்போதைய பதவிக்காலம் 2027 ஜூலை 24-ல் நிறைவடைகிறது. தொடர்ச்சி முறியாவிட்டால், ஜூலை 25-ல் 11-வது முறையாக இதே காட்சியைப் பார்ப்போம். இந்த முறை ஒரு வித்தியாசம் உண்டு. நாடாளுமன்றம் 2023 செப்டம்பரில் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. அதில் மைய மண்டபம் கிடையாது. மைய மண்டபம் இருக்கும் பழைய கட்டடத்துக்கு இப்போது சம்விதான் சதன், அதாவது அரசமைப்பு இல்லம் என்று பெயர். 1950-ல் முதல் உறுதிமொழி ஒலித்த தர்பார் ஹாலுக்கும் 2024 ஜூலை 25-ல் கணதந்திர மண்டபம் என்று பெயர் மாறிவிட்டது. கணதந்திரம் என்றால் குடியரசு.

பெயர்கள் மாறலாம், கட்டடம் மாறலாம், நாளைக்கு ஏதோ ஒரு காரணத்தால் தேதியே மாறலாம். 1950-லிருந்து மாறாமல் வருவது பிரிவு 60-ன் அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்த முறை டிவியில் பதவியேற்பு விழா ஓடும்போது, குதிரைகளையும் பீரங்கியையும் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றிவிடாதீர்கள். தலைமை நீதிபதி முன்னால் நின்று அவர் சொல்லும் அந்த அரை நிமிடத்தைக் கேளுங்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கு அவரிடம் நாம் கேட்க வேண்டிய கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.